மாத்திரை நின்றதும் உதிரப்போக்கு ஏன்?
கருப்பையின் உட்சவ்வும் இரண்டு ஹார்மோன்களும்

மகளிர் நோயியல் துறையில் நான் பணியேற்ற புதிதில், இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் தம் தாயாருடன் புறநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். ஐந்து மாதங்களாக அவருக்கு மாதவிடாய் வரவில்லை. கருத்தரிப்பு இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை ஒன்றைப் பத்து நாள்களுக்கு எழுதிக்கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து ஓர் இரவு, அவசரப் பிரிவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அதே பெண் நல்ல உதிரப்போக்குடன் படுத்திருந்தார். குடும்பமே வாசலில் கூடியிருந்தது. தாயார் என்னைக் கண்டதும் கேட்டார்: "டாக்டரம்மா, மாத்திரை சாப்பிட்ட பத்து நாளும் ஒன்றுமே இல்லை. நிறுத்தி மூன்றாம் நாள் இப்படிக் கொட்டுகிறது. அந்த மாத்திரை என் மகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?"

மாத்திரை தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. மாத்திரையை நிறுத்திய சில நாள்களில் உதிரம் வரவேண்டும் என்பதே சிகிச்சையின் நோக்கம். தவறு என்னுடையது. மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிய நான், அதை நிறுத்தியபின் என்ன நிகழும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் ஒரு குடும்பத்தின் ஓர் இரவு நிம்மதியாகக் கழிந்திருக்கும்.

அன்று அந்தத் தாயாருக்கு நான் அளித்த விளக்கத்தையே இங்குச் சற்று விரிவாக எழுதுகிறேன். மாதவிடாய் தள்ளிப்போகும் இளம்பெண்ணுக்கும், அதிக உதிரப்போக்கால் சோர்ந்த நடுவயதினருக்கும், மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழிந்த மூத்தவருக்கும் இது பயன்படும். உடன்வரும் கணவரும் பிள்ளைகளும்கூட இதனைப் படிக்கவேண்டும் என்பது என் விருப்பம்.

உட்சவ்வின் இரண்டு அடுக்குகள்

கருப்பை ஒரு தசைப்பை. அதன் உட்புறத்தை மெல்லிய, மென்மையான ஒரு சவ்வு போர்த்தியிருக்கிறது. மருத்துவர்கள் இதனை எண்டோமெட்ரியம் என்பர்; ஸ்கேன் அறிக்கையில் "எண்டோமெட்ரியல் கனம்" என்று மில்லிமீட்டரில் குறிப்பிடப்படுவது இதன் தடிமனே. இந்தக் கட்டுரையில் இதனை உட்சவ்வு என்றே அழைப்போம்.

உட்சவ்வில் இரண்டு அடுக்குகள் உள்ளன. தசையை ஒட்டியிருப்பது அடியடுக்கு. அதன்மேல் வளர்வது மேலடுக்கு. மாதந்தோறும் வளர்வதும் உதிர்வதும் மேலடுக்கு மட்டுமே, அடியடுக்கு உதிர்வதில்லை. அறுகம்புல்லை மேலே செதுக்கி எடுத்தாலும் அடியில் வேர்க்கணு இருக்கும்வரை அது மீண்டும் துளிர்ப்பதுபோல, அடியடுக்கு இருக்கும்வரை உட்சவ்வு மீண்டும் வளரும். உதிர்ந்த இடம் சில நாள்களிலேயே தழும்பின்றி மூடிக்கொள்கிறது. நம் தோலில் ஓர் ஆழமான காயம் ஆறினால் தழும்பு மிஞ்சும். ஒரு பெண்ணின் வாழ்நாளில் நானூறு தடவை அளவில் உதிர்ந்தும் கருப்பையின் உட்புறம் தழும்பேறுவதில்லை. இது உடலின் வியப்புகளுள் ஒன்று.

இந்த வளர்ச்சிக்கும் உதிர்தலுக்கும் கட்டளையிடுபவை இரண்டு ஹார்மோன்கள்: ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன். இரண்டையும் சினைப்பைகள் சுரக்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் சுரப்பதில்லை.

வளர்ப்பது ஈஸ்ட்ரோஜன்

மாதவிடாய் தொடங்கிய நாளை முதல் நாளாகக் கொள்வோம். அந்த நாள்களில் சினைப்பையில் சில நுண்பைகள் வளரத் தொடங்கும். ஒவ்வொரு நுண்பையிலும் ஒரு சினைமுட்டை இருக்கும். அவற்றுள் ஒன்று மற்றவற்றை முந்தி வளரும். வளரும் நுண்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அது இரத்தத்தின் வழியே கருப்பையை அடைந்து, உட்சவ்வின் உயிரணுக்களைப் பெருகச் செய்கிறது. மாதவிடாய் முடிந்தவுடன் சில மில்லிமீட்டர் மட்டுமே இருக்கும் உட்சவ்வு, சினைமுட்டை வெளிவரும் தறுவாயில் பெரும்பாலும் 8 மி.மீ. அல்லது அதற்கும் மேற்பட்ட கனத்தை எட்டுகிறது. சுரப்பிகள் நீள்கின்றன. அவற்றுக்கு உணவூட்டும் சுருள் தமனிகளும் உடன் வளர்கின்றன.

ஈஸ்ட்ரோஜன் இன்னொரு வேலையையும் செய்கிறது. ஒரு ஹார்மோன் ஓர் உயிரணுவில் செயல்படவேண்டுமானால், அந்த உயிரணுவில் அதற்குரிய ஏற்பி இருக்கவேண்டும். சாவிக்குப் பூட்டுப் போன்றது அது. புரோஜெஸ்டிரோனுக்குரிய ஏற்பிகளை உட்சவ்வில் உருவாக்குவது ஈஸ்ட்ரோஜன்தான். ஈஸ்ட்ரோஜன் முன்னரே உட்சவ்வைப் பண்படுத்தாவிட்டால் புரோஜெஸ்டிரோனால் அங்கே பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது.

பக்குவப்படுத்துவது புரோஜெஸ்டிரோன்

சுழற்சியின் நடுப்பகுதியில் நுண்பை வெடித்துச் சினைமுட்டை வெளிவருகிறது. வெடித்த நுண்பை வீணாவதில்லை. மஞ்சள் நிறமான ஒரு சிறு சுரப்பியாக மாறுகிறது. இதனை மஞ்சள் உடலம் என்பர். இது சுரப்பதே புரோஜெஸ்டிரோன்.

புரோஜெஸ்டிரோன் முதலில் செய்வது, வளர்ச்சியை நிறுத்துவது. உட்சவ்வில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளின் எண்ணிக்கையை அது குறைக்கிறது. வலிய ஈஸ்ட்ரோஜனை வலுக்குன்றிய வடிவமாக மாற்றும் நொதியையும் அங்கே பெருக்குகிறது. பின்னர் சுரப்பிகளைக் கருவுக்கு வேண்டிய ஊட்டச் சுரப்புகளால் நிரப்புகிறது; சவ்வின் உயிரணுக்களைப் பருக்கச் செய்து, கரு பதியத்தக்க மெத்தையாக ஆக்குகிறது. சுருங்கச் சொன்னால், ஈஸ்ட்ரோஜன் சுவரை எழுப்புகிறது. புரோஜெஸ்டிரோன் மேலும் எழுப்பாமல் நிறுத்தி, வீட்டைக் குடிபுகத் தகுந்ததாக்குகிறது.

மஞ்சள் உடலத்தின் ஆயுள் ஏறத்தாழ 14 நாள்கள். கருத்தரித்தால், கரு சுரக்கும் ஹெச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் அதனை வாழவைக்கும். சிறுநீர்ப் பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோடாகத் தெரிவது இந்த ஹார்மோனே. கருத்தரிக்காவிட்டால் மஞ்சள் உடலம் சுருங்கிவிடும்; புரோஜெஸ்டிரோன் அளவு விரைவாகச் சரியும். அந்தச் சரிவே மாதவிடாயைத் தொடங்கிவைக்கும் சமிக்ஞை. உட்சவ்வு உதிர்வது புரோஜெஸ்டிரோன் இருப்பதால் அன்று. இருந்த புரோஜெஸ்டிரோன் விலகுவதால்.

அவசரப் பிரிவில் அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு விடை இதுவே. சினைமுட்டை வெளிவராத மாதங்களில் அவர் மகளின் உடலில் புரோஜெஸ்டிரோன் உருவாகவில்லை. பத்து நாள்கள் நாம் அதனை மாத்திரையாகக் கொடுத்தோம். நிறுத்தியபோது, இயற்கையில் மஞ்சள் உடலம் சுருங்கும்போது நிகழ்வதே நிகழ்ந்தது. மாத்திரை நின்ற 2 முதல் 7 நாள்களுக்குள் இவ்வாறு உதிரம் வருவது எதிர்பார்க்கத்தக்கது. இதனால் மருத்துவருக்கு ஒரு செய்தியும் கிடைக்கிறது: உட்சவ்வு ஈஸ்ட்ரோஜனால் வளர்ந்திருக்கிறது, உதிரம் வெளிவரும் வழியும் திறந்திருக்கிறது.

குரங்குகள் கற்பித்த பாடம்

இவையெல்லாம் எவ்வாறு தெரியவந்தன என்று சிலர் கேட்பதுண்டு. விடை நம் நெருங்கிய உறவினரான குரங்குகளிடம் உள்ளது.

பெரும்பாலான பாலூட்டிகளுக்கு மாதவிடாய் இல்லை. பசுவும் பூனையும் எலியும் வளர்ந்த உட்சவ்வைப் பெரும்பாலும் உடலுக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்கின்றன. நாய்க்கு உதிரம் வருவதைப் பலர் கண்டிருப்பர். ஆனால் அது சினைப்பருவத்துக்கு முன்னர், ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது வருவது. நம் மாதவிடாயோ ஹார்மோன்கள் இறங்கும்போது வருவது. உண்மையான மாதவிடாய் மனிதர், மனிதக் குரங்குகள், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகள் ஆகியோரிடமும், சில வௌவால் வகைகள் போன்ற வேறு மிகச்சில உயிரினங்களிடமும் மட்டுமே காணப்படுகிறது. வட இந்தியாவில் பரவலாக வாழும் ரீசஸ் குரங்கின் சுழற்சி நம்முடையதைப் போலவே ஏறத்தாழ 28 நாள்கள். நம் மலைக்கோயில்களில் காணும் நாட்டுக்குரங்கும் அதே மக்காக்கா பேரினத்தைச் சேர்ந்ததே.

1923-ஆம் ஆண்டில் ஜார்ஜ் கார்னர் என்னும் அமெரிக்க உடற்கூறியலாளர் ரீசஸ் குரங்குகளை ஆராய்ந்து எழுதியபோது, சினைமுட்டை வெளிவராத சுழற்சிகளிலும் குரங்குக்கு உதிரம் வரக்கூடும் என்று காட்டினார். மாதவிடாய் வந்தால் முட்டை வெளிவந்திருக்கவேண்டும் என்று எண்ணுவோருக்கு இது இன்றும் புதிய செய்தியே. 1927-இல் எட்கர் ஆலன், சினைப்பைகள் நீக்கப்பட்ட குரங்குகளுக்குச் சினைப்பைச் சாற்றை ஊசிவழிச் செலுத்தினார். ஊசிகளை நிறுத்தியபின் அவற்றுக்கு உதிரம் வந்தது. சினைப்பையே இல்லாத உடலில், ஒரு பொருளைக் கொடுத்து நிறுத்துவதால் மட்டும் மாதவிடாய் போன்ற போக்கை வரவழைக்க முடிந்தது. இன்று நாம் எழுதிக்கொடுக்கும் பத்து நாள் மாத்திரையின் தத்துவம் இங்கேதான் வேர்கொண்டது. 1929-இல் கார்னரும் வில்லர்டு ஆலனும் முயல்களில் செய்த ஆய்வின் வழியே மஞ்சள் உடலத்தின் ஹார்மோனை நிறுவினர். 1934-இல் அது தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டது.

உட்சவ்வு உதிரும் காட்சியை நேரில் கண்டவர் ஜே.இ. மார்க்கி. ரீசஸ் குரங்கின் உட்சவ்விலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து, அதே குரங்கின் கண்ணின் முன்னறையில் அவர் பதியவைத்தார். அங்கே அவை வேர்பிடித்து, கருப்பையில் உள்ளவை போலவே ஹார்மோன்களுக்கு ஏற்ப வளர்ந்தன. சுழற்சி முடிவில் உதிரவும் செய்தன. கண்ணின் ஒளிபுகும் படலம் வழியே அவர் அதனை நாள்தோறும் உருப்பெருக்கியால் கவனித்தார். ஹார்மோன்கள் இறங்கியதும் துணுக்கு சுருங்கியது. சுருள் தமனிகள் மேலும் நெருங்கிச் சுருண்டன. உதிரம் வருவதற்கு முந்தைய மணிநேரங்களில் அவை இறுக்கிக்கொண்டன. பின்னர் சிறுசிறு இடங்களாகக் கசிந்தன. 1940-இல் அவர் வெளியிட்ட இந்த விவரிப்பு இன்றளவும் பாடநூல்களில் உள்ளது. அந்த விலங்குகள் பட்ட துன்பத்தையும் நாம் மறக்கலாகாது; அவற்றால் கிடைத்த அறிவைப் பயனின்றி விடாமலிருப்பதே நாம் செய்யத்தக்க நன்றி.

பிற்காலத்தில் மக்காக்குக் குரங்குகளில் நடந்த ஆய்வுகள் இன்னொரு நுட்பத்தைக் காட்டின. புரோஜெஸ்டிரோனை விலக்கிய சுமார் ஒன்றரை நாளுக்குள் அதனை மீண்டும் கொடுத்தால் உதிரப்போக்கைத் தடுத்துவிடலாம். அந்த எல்லை கடந்தபின் கொடுத்தாலும் உதிர்தல் நிற்பதில்லை. உட்சவ்வைச் சிதைக்கும் நொதிகள் அதற்குள் செயல்படத் தொடங்கியிருக்கும். "ஒரு நாள் மாத்திரையை மறந்துவிட்டேன், மறுநாள் சேர்த்தே போட்டுக்கொண்டேன், ஆனாலும் உதிரம் வந்துவிட்டதே" என்று கேட்போருக்கு இதில் விடை இருக்கிறது. ஹார்மோன் மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் உட்கொள்ளவேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதன் காரணமும் இதுவே.

கெட்ட இரத்தம் என்று ஒன்று இல்லை

மாதவிடாயில் வெளியேறுவது உடலில் சேர்ந்த "கெட்ட இரத்தம்" என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. அது உண்மையன்று. சுருள் தமனிகளில் ஓடிய அதே நல்ல இரத்தமும், உதிர்ந்த உட்சவ்வின் துணுக்குகளும் சேர்ந்ததே மாதவிடாய்ப் போக்கு. ஒரு சுழற்சியில் இழக்கும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர். 80 மில்லிலிட்டருக்கு மேல் தொடர்ந்து இழப்போருக்கு இரத்தசோகை ஏற்படக்கூடும்.

இந்தத் தவறான எண்ணத்தால் இரண்டு தீமைகள் விளைகின்றன. முதலாவது, அளவுக்கு மீறிப் போனாலும் "கெட்டது வெளியேறட்டும்" என்று பெண்கள் பொறுத்துக்கொள்கின்றனர். மூச்சுவாங்கும் அளவுக்கு இரத்தம் குறைந்தபின்னரே வருகின்றனர். இரண்டாவது, அதிக உதிரப்போக்குக்காகக் கருப்பைக்குள் வைக்கப்படும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனத்தால் மாதவிடாய் குறைந்தாலோ நின்றாலோ, இரத்தம் உள்ளேயே தேங்குகிறது என்று அஞ்சி அதனை எடுத்துவிடச் சொல்கின்றனர். அந்தச் சாதனம் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோனை உட்சவ்வின்மீது இடைவிடாது சிறு அளவில் கசியவிடுகிறது. அதனால் உட்சவ்வு வளர்வதே இல்லை. வளராத சவ்வு உதிர்வதற்கு வழியில்லை. எனவே உள்ளே எதுவும் தேங்குவதில்லை.

மாதவிடாய் வலிக்கும் இங்கேயே விளக்கம் உண்டு. புரோஜெஸ்டிரோன் விலகியதும் உட்சவ்வில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் பெருகுகின்றன. அவை தமனிகளையும் கருப்பைத் தசையையும் இறுகச் செய்கின்றன. மெஃபெனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் இவை உருவாவதைக் குறைப்பதால் வலி தணிகிறது. உதிரப்போக்கும் ஓரளவு குறைகிறது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளோர் இவற்றை மருத்துவர் அறிவுரையின்றி உட்கொள்ளலாகாது.

ஒன்று மட்டும் இருந்து மற்றொன்று இல்லாதபோது

இனி, இக்கட்டுரையின் முதன்மையான செய்திக்கு வருகிறேன். ஈஸ்ட்ரோஜன் வளர்க்கிறது, புரோஜெஸ்டிரோன் நிறுத்துகிறது என்று கண்டோம். ஈஸ்ட்ரோஜன் மட்டும் மாதக்கணக்கில் இருந்து, புரோஜெஸ்டிரோன் வாராதுபோனால் என்ன நிகழும்? உட்சவ்வு தடையின்றி வளரும். ஒரே சீராக உதிராமல், தாங்கமாட்டாத இடங்களில் திட்டுத்திட்டாக இடிந்து விழும். மாதவிடாய் மூன்று மாதம் வராமலிருந்து பின்னர் மூன்று வாரம் நில்லாமல் போவது இதனாலேயே. ஆண்டுக்கணக்கில் இந்நிலை நீடித்தால் உட்சவ்வு மிகைவளர்ச்சி அடையலாம். அதன் உயிரணுக்கள் இயல்பு திரிந்து, சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறலாம்.

இந்நிலை யாருக்கு ஏற்படும்?

பூப்பெய்திய முதல் ஓரிரு ஆண்டுகளில் சிறுமியருக்குச் சினைமுட்டை ஒழுங்காக வெளிவருவதில்லை. பெரும்பாலோருக்கு இது தானே சீராகும்.

பி.சி.ஓ.எஸ். எனப்படும் நிலை உள்ளோருக்கு இது பல ஆண்டுகள் தொடரலாம். ஸ்கேனில் "நீர்க்கட்டி" என்று குறிப்பிடப்படுபவை உண்மையில் கட்டிகள் அல்ல. முதிர்ச்சி அடையாமல் நின்றுவிட்ட நுண்பைகளே. அவை வெடிக்காததால் மஞ்சள் உடலமும் இல்லை; புரோஜெஸ்டிரோனும் இல்லை. "மாதவிடாய் வராவிட்டால் தொல்லை விட்டது" என்று இவர்கள் இருந்துவிடக்கூடாது. மூன்று மாதங்களுக்குமேல் வராதபோது மருத்துவரைக் காண்பது உட்சவ்வின் நலனுக்காகவே.

மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குவோருக்கும் சினைமுட்டை வெளிவருவது தடுமாறும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் உதிரப்போக்கு முறைதவறினால், "நிற்கப்போகிறது, அப்படித்தான் இருக்கும்" என்று தாமே முடிவுசெய்யாமல் உட்சவ்வைப் பரிசோதித்துக்கொள்ளவேண்டும்.

உடற்பருமன் மிக்கோருக்கு இன்னொரு காரணம் சேர்கிறது. கொழுப்புத் திசு, அட்ரீனல் சுரப்பியிலிருந்தும் சினைப்பையிலிருந்தும் வரும் ஆண்மைசார் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. மாதவிடாய் நின்று, சினைப்பை ஓய்ந்த பின்னரும் இது தொடர்வதால் உட்சவ்வுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. எடைக் குறைப்பை நாங்கள் வலியுறுத்துவது இதற்காகவும்தான்.

மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்சிஃபென் உட்கொள்வோர் ஒன்றை அறிந்திருக்கவேண்டும். அம்மருந்து மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது. ஆனால் கருப்பையின் உட்சவ்வில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே ஓரளவு செயல்படக்கூடும். மருந்தால் விளையும் நன்மை பெரிது. ஆகவே அஞ்சி நிறுத்திவிடாதீர்கள். மாதவிடாய் நின்றபின் இதனை உட்கொள்ளும்போது ஒரு துளி உதிரம் கண்டாலும் உடனே தெரிவியுங்கள்.

தனித்த ஈஸ்ட்ரோஜனின் தீமையை மருத்துவ உலகம் விலைகொடுத்தே கற்றது. மேலை நாடுகளில் மாதவிடாய் நின்ற பெண்களின் உடல்வெப்பம், வியர்வை போன்ற தொல்லைகளுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தாராளமாக எழுதித்தரப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அப்பெண்களுக்கு உட்சவ்வுப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுவதை 1975-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வுகள் வெளிப்படுத்தின. அதன்பின்னரே, கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டிரோனும் சேர்த்துத் தரவேண்டும் என்பது விதியாயிற்று. கருப்பை அகற்றப்பட்டவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். ஆகவே உங்கள் தோழிக்கு எழுதித்தந்த ஹார்மோன் சீட்டு உங்களுக்குப் பொருந்தும் என்று எண்ணாதீர்கள். இரண்டு மாத்திரைகளில் ஒன்று உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அதனை மட்டும் நீங்களாக விட்டுவிடவும் வேண்டாம். விட்டது காவலாக இருந்த மாத்திரையாக இருக்கலாம்.

நின்றபின் வரும் ஒரு துளி

மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் எவ்வளவு சிறிய அளவில் உதிரம் தென்பட்டாலும் அது மாதவிடாய் அன்று. இதனைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

ஐம்பத்தெட்டு வயதான ஓர் அம்மாள் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். எட்டு மாதங்களில் மூன்று முறை துணியில் கறை கண்டிருக்கிறார். வலி இல்லை. அதிகமாகவும் போகவில்லை. "வலித்தால்தானே நோய்? பேத்தி பிறந்த மகிழ்ச்சியில் உடம்பு சூடு என்று இருந்துவிட்டேன்" என்றார். மகனிடமும் மருமகனிடமும் சொல்லக் கூச்சம். மகள் பிள்ளைப்பேற்றில் இருந்தாள். ஸ்கேனில் உட்சவ்வு தடித்திருந்தது. திசு ஆய்வில் புற்றுநோய் உறுதியாயிற்று. நற்பேறாக அது கருப்பையைத் தாண்டியிருக்கவில்லை. கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிய பின்னர் அவருக்கு மேற்சிகிச்சை தேவைப்படவில்லை. இன்றும் பரிசோதனைக்குத் தவறாமல் வருகிறார். எட்டு மாதத் தாமதத்துக்குப் பின்னும் நோய் உள்ளேயே நின்றிருந்தது அவருடைய பேறு. அனைவருக்கும் அது வாய்ப்பதில்லை.

அச்சமூட்டுவதற்காக இதனை எழுதவில்லை. மாதவிடாய் நின்றபின் உதிரம் காண்போருள் பத்தில் ஏறத்தாழ ஒருவருக்கே புற்றுநோய் இருக்கும். பெரும்பாலோருக்கு ஹார்மோன் குறைவால் மெலிந்த சவ்வோ, தீங்கற்ற சதைவளர்ச்சியோதான் காரணம். ஆனால் அந்த ஒருவர் யார் என்பது பரிசோதனையின்றித் தெரியாது. உட்சவ்வுப் புற்றுநோய் தொடக்கத்திலேயே உதிரத்தின் மூலம் தன்னைக் காட்டிக்கொடுக்கும் நோய். அந்த அறிவிப்பைக் கேட்டு உடனே வருவோருள் பெரும்பாலோரைக் குணப்படுத்த முடிகிறது.

பரிசோதனையும் கடினமானதன்று. முதலில் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்து உட்சவ்வின் கனத்தை அளப்போம். மாதவிடாய் நின்றபின் உதிரம் கண்டவருக்கு அது 4 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. கூடுதலாக இருந்தாலோ, உதிரம் மீண்டும் மீண்டும் வந்தாலோ, மெல்லிய குழாய் ஒன்றால் சிறிதளவு திசுவை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவோம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். தேவைப்பட்டால் ஹிஸ்டரோஸ்கோப்பி மூலம் கருப்பையின் உட்புறத்தை நேரில் பார்ப்போம்.

வீட்டில் நினைவில் வைக்கவேண்டியவை

புரோஜெஸ்டிரோன் மாத்திரை உட்கொள்வோர் எழுதித்தந்த நாள்கள் முழுவதும், தினமும் ஒரே நேரத்தில் உட்கொள்ளுங்கள். நிறுத்திய ஒரு வாரத்துக்குள் உதிரம் வருவதை எதிர்பாருங்கள். வாராவிட்டால் மறுமுறை நீங்களாக மாத்திரை வாங்கி உட்கொள்ளாமல் எங்களிடம் வாருங்கள். முதலில் கருத்தரிப்பு உள்ளதா என்று பார்க்கவேண்டியிருக்கும்.

விழாவுக்காகவோ பயணத்துக்காகவோ மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் நேரே மாத்திரை வாங்கும் வழக்கம் பெருகியுள்ளது. இரத்தக்குழாயில் உறைவு, கல்லீரல் நோய், விளக்கம் தெரியாத உதிரப்போக்கு ஆகியவை உள்ளோருக்கு இது தீங்காகலாம். மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மணிநேரத்துக்கு ஒரு அணையாடை வீதம் இரண்டு மணிநேரத்துக்கு மேல் நனைந்தால், பெரிய கட்டிகளாக வெளியேறினால், தலைசுற்றல், மயக்கம், படபடப்பு ஏற்பட்டால் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். உதிரம் எட்டு நாள்களுக்கு மேல் நீடித்தாலும், உறவுக்குப்பின் உதிரம் கண்டாலும், இரண்டு மாதவிடாய்களுக்கு இடையே கறை கண்டாலும் புறநோயாளர் பிரிவில் காட்டுங்கள். வரும்போது, உதிரம் தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் நாள்காட்டியில் குறித்துக்கொண்டு வந்தால், பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாயாரோ மாமியாரோ இதைப் பற்றித் தாமாகப் பேசக் கூசுவார். "நின்றபிறகு எப்போதாவது கறை பட்டதா?" என்று ஆண்டுக்கொரு முறை நீங்களே கேளுங்கள். ஐம்பத்தெட்டு வயதான அந்த அம்மாளிடம் எட்டு மாதங்களில் யாரும் கேட்கவில்லை.

அவசரப் பிரிவில் அன்றிரவு நான் பார்த்த அந்த இளம்பெண்ணுக்குப் போக்கு மூன்றாம் நாள் தணிந்தது. அன்றுமுதல் அந்த மாத்திரையை எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் மருந்தின் கீழே ஒரு வரியைச் சேர்த்து எழுதுகிறேன்: "நிறுத்திய ஏழு நாள்களுக்குள் உதிரம் வரும், அஞ்சவேண்டாம்." உங்கள் சீட்டில் அந்த வரி இல்லையென்றால், எழுந்துபோகும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.